கோலத்துப் புள்ளி

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு எடிட்டிங் அறைக்குள் வந்தார் மேலாளர் முகுந்தன். "என்னம்மா, நாளைக்குத் திறப்பு விழா. நம்ம கட்டடம் எழும்புற வீடியோ ரெடியா?"

வினோதினி ஓடவிட்டாள். இரண்டு வருடக் கட்டுமானம் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

"இன்னும் வேகமா ஓடணும். ஆனா தரம் குறையக் கூடாது."

அவள் வேகத்தைக் கூட்டினாள். லாரிகள் கோடுகளாயின. ஆட்கள் புகையாகிக் கலைந்தார்கள். கட்டடம் பொங்கும் பாலைப்போல் எழும்பியது. வாசல் மூலையில் இஸ்திரி வண்டியோடு நின்ற ஓர் அம்மாள் மட்டும், அத்தனை கோடுகளுக்கும் நடுவே கோலத்துப் புள்ளிபோல் தெளிவாக இருந்தாள்.

முகுந்தன் பல்லைக் கடித்தார். "இடத்தைக் காலி பண்ணுன்னு எத்தனை ஆள் அனுப்பினேன்! இதுலயும் வந்து நிக்குது பாரு. இன்னும் கூட்டு, மறையட்டும்."

"ஓடுறவங்கதான் சார் மறைவாங்க."

"அப்ப அழிச்சிடு. முடியாதுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

வினோதினி மவுஸிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அழிச்சா தரம் போயிடும் சார். அவங்க என் மாமியார். நான் சொல்லியே நகராதவங்க, நீங்க சொல்லியா நகரப்போறாங்க?"