கௌசல்யாவின் நடை

கௌசல்யாவின் கணுக்காலில் இருக்க வேண்டிய, நடக்கும் அடிகளை எண்ணும் பட்டை, ஏழு மாதமாக அவள் கணவர் தரணிகுமாரின் காலில் இருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தினமும் இரண்டாயிரம் அடியாவது எடுத்து வைத்தாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. இல்லாவிட்டால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். கௌசல்யாவோ கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடித்தாள். அதனால் அவளுக்காக அவர் நடந்தார். எங்கே குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எட்டாயிரம் அடி நடந்தார்.

"அம்மா பிரமாதமா நடக்கறாங்க போங்க," என்றாள் நர்ஸ், திரையைப் பார்த்தபடி. "உடம்பு தேறிடுச்சுன்னு மிஷின் சொல்லுதுங்க. இனி வாரத்துக்கு மூணு தடவை வேண்டாம், ரெண்டு போதும்."

உண்மை தரணிகுமாரின் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த இரண்டும் போய்விடும். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஐந்தே வாரத்தில் கௌசல்யாவின் முகம் ஊதிப்போயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. அடுத்த டயாலிசிஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்றுதான் அவர் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

அவள் வீங்கிய விரல்களால் அவர் கால் பட்டையைத் தடவினாள்.

"அழுவாதீங்க மாமா. என்ற மேல இருக்கற பாசத்துலதான நடந்தீங்க?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளையிலிருந்து என்னையக் கொஞ்சம் கம்மியா நடக்க வைங்க."

மறுநாள் காலையில் தரணிகுமார் தெருவோரச் சுவரைப் பிடித்துப் பிடித்து, அவளைப் போலவே நடந்தார்.