வாசலில் ஐந்து சோடி

கனகாம்பிகைக்குக் கால் தரையில் பாவவில்லை. லண்டனுக்கு வந்து ஆறு வருடத்தில் இதுதான் முதல் சுற்றுலா. ஒரே நாளில் மூன்று கோட்டைகள், அதுவும் கணவன், இரண்டு மகள்மார், தான் என்று நால்வருக்கு மட்டும் தனி வான்!

கடைசிக் கோட்டைக்குள் எழுநூறு வருடப் பழைய சிற்றாலயம். பழக்கதோஷத்தில் நால்வரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள்.

வானை ஓட்டிவந்த யாழ்ப்பாணத்து வழிகாட்டி பீற்றர் சிரித்தார். "இஞ்ச ஒருத்தரும் கழட்டுறேல்லை, தங்கச்சி." அவர் சப்பாத்தோடேயே உள்ளே போனார்.

வெளியே வந்தபோது ஐந்து சோடி இருந்தது. ஐந்தாவது, கூர்மூக்குத் தோல் சப்பாத்து. கனகாம்பிகை தொட்டுப் பார்த்தாள். உள்ளே இளஞ்சூடு.

"வேற ஆக்களும் வந்திருக்கினமோ அண்ணை?"

"இல்லை, இண்டைக்கு நாங்கள் மட்டும்தான்."

அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

லண்டன் கிங்ஸ்பரியில், வீட்டடியில் பீற்றர் இறக்கிவிட்டுப் போனார். கோட்டைக் கதை ஓயாமலே எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். கதவைச் சாத்தத் திரும்பிய கனகாம்பிகை வாசலைப் பார்த்தாள்.

ஐந்தாவது சோடியில் சேறு இன்னும் காயவில்லை.