நான்கு நிபந்தனைகள்

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அவள் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய சென்ட் வாடை அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

அந்தப் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆர்டர் குறைந்துவிட்டதாம். ஆள் குறைக்க வேண்டுமாம். யாரை என்று கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டுமாம்.

அவர் நிபந்தனை சொல்லச் சொல்ல, அவள் ஃபார்முலாவில் ஏற்றினாள்.

போன மாதம் மூன்று நாளுக்கு மேல் லீவு.

தொண்ணூற்றாறு பேர்.

அத்தோடு, தைத்த துணி ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

இருபத்து மூன்று.

அத்தோடு, வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கக் கூடாது.

ஐந்து.

அவர் குனிந்து ஐந்து பெயர்களையும் படித்தார். யோசித்தார். யோசிப்பதுபோல நடித்தார் என்பதே சரி.

"கம்பெனி வேன்ல வராதவங்கன்னு இன்னொண்ணு சேத்து கண்ணு."

சேர்த்தாள். நான்கையும் ஒரே 'அண்ட்'டில் கோத்தாள். நான்கும் உண்மையானால்தான் பெயர் தேறும். ஒன்று பொய்த்தாலும் போச்சு.

ஒரே ஒரு பெயர் நின்றது.

துளசிமணி.

"பாத்தியா? நாம யாரையும் கை காட்டல. சிஸ்டமே சொல்லுது. பிரிண்ட் எடுத்து வை, டீ குடிச்சுட்டு வர்றேன்."

போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துளசிமணி எதற்கு லீவு போட்டாள்? ஸ்டோர் ரூமில் இந்த ஆள் கையைப் பிடித்து இழுத்த மறுநாளிலிருந்துதானே போட்டாள்? தையல் கோணியது, அந்தக் கை நடுங்கியதால். வேனில் வருவதை விட்டது, முன் சீட்டில் இவன் உட்கார்ந்து வருவதால். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள் என்றுதானே கை வைக்கவே துணிந்தான்?

செய்தது முழுக்க அவன். நிபந்தனை முழுக்க அவள் தலையில்.

ஆத்திரத்தில் 'அண்ட்'டை அழித்துவிட்டு 'ஆர்' போட்டுப் பார்த்தாள். நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும்.

முந்நூற்று நாற்பது பேர் வந்து விழுந்தார்கள். கம்பெனியையே இழுத்துப் பூட்டிவிடலாம்.

பழையபடி மாற்றினாள். துளசிமணி மட்டும் நின்றாள்.

கோபம் அவனோடு நிற்கவில்லை. திரும்பி, ஃபார்முலா போட்ட அவள் மேலேயே பாய்ந்தது.

துளசிமணி கொடுத்த புகாரை விசாரிக்கப் போன புதன்கிழமை புகார்க் கமிட்டி மேடம் இவளைக் கூப்பிட்டிருந்தார். புகாரும் வேண்டும், பார்த்த ஆளும் வேண்டும், இரண்டும் இருந்தால்தான் மேலே நகர்த்த முடியும் என்றார்.

அவன் கையைப் பிடித்து இழுத்த அன்று, பிரிண்டருக்குப் பேப்பர் எடுக்க ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளியது இவள்தான். எல்லாவற்றையும் பார்த்தவள்.

"நான் எதையும் பாக்கலைங்க மேடம்."

அந்த ஒரு பொய்யால் துளசிமணி சொன்ன அத்தனை உண்மையும் செல்லாமல் போனது. தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்றும் புதன். ஃபைலை மூடிக் கையெழுத்துப் போட மேடம் வந்திருக்கிறார்.

பிரிண்ட் எடுத்தாள். அத்தனை பெரிய வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பெயர்.

தாளைத் திருப்பினாள்.

பேனாத் தடம் மறுபக்கத்தில் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். தேதி. நேரம். கதவு எவ்வளவு திறந்திருந்தது. யார் கை, யார் கையை. இது போன வாரமே சொல்லியிருக்க வேண்டியது என்றும் எழுதினாள்.

கீழே தன் பெயரை முழுசாகப் போட்டாள்.

வராந்தாவில் அவன் டீ கிளாசோடு நின்றிருந்தான். அவள் கையில் தாளைப் பார்த்ததும், வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

அவள் அவனைத் தாண்டிப்போய்க் கமிட்டி அறைக் கதவைத் தட்டினாள்.