இரவல் கேட்டு வந்த படகுகள்

கதைக்கு முன் அறிய வேண்டியவை சில உள்ளன. கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். பேசினால் மூச்சுக் காற்றில் திருகாணி பறந்துவிடும் என்று வாயை மூடியே பழகியவர். அவர் மனைவி அஞ்சலக முகப்பில் அமர்ந்து ஊரோடெல்லாம் பேசி ஓய்வு பெற்றவள். இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாய்மரப் படகொன்றில் நெடும்பயணம் கிளம்பியிருந்தார்கள். பாயை இழுக்க ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர் என இருவர் இருந்தால்தான் அந்தப் படகு நகரும். ஒருவர் இறங்கினால் பயணம் முடிந்தது.

அவள் இறங்குவதாக இருந்தாள்.

நங்கூரமிட்ட விரிகுடாவில், படகின் அறைக்குள், துணிப்பெட்டியை இழுத்துச் சுவரோரப் பலகையில் தொப்பென்று போட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உங்களைத்தான். நான் மனுஷங்ககிட்ட உட்கார்ந்து பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துல நாலு படகு நிக்குது. கூப்பிடாம போய் நின்னா என்ன நினைப்பாங்க? நம்ம தெருவுல நடந்தா, கடைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். அத்தனை பேர் நிறுத்திப் பேசுவாங்க. இங்கே மீன்கூட என்னைப் பார்த்தா திரும்பிக்குது."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஏறி, பிளேனைப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். நீங்களும் கடலும் குடும்பம் நடத்துங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்குன்னு ஒரு ஆள் வேணும்ங்க. ஒரே ஒரு ஆள். வேற என்ன கேட்டேன்?"

அவளுடைய தோளுக்கு மேல் எங்கோ பார்த்தபடி அவர் மரக்கட்டைபோல் அமர்ந்திருந்தார்.

"கல்லைத் தட்டினாலாவது சத்தம் வரும்," என்று முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறிப் போனாள்.

மறுநாள் காலை, மஞ்சள் படகிலிருந்து ஒரு பெண்மணி துடுப்புப் போட்டு வந்தார். தனியாகவே கடல் சுற்றும் வெல்டர். உச்சிக் கொண்டையால், துறை முழுதும் அவர் கொண்டை அக்கா.

"தங்கச்சி, தண்ணி இறைக்கிற கைப்பம்பு இருக்கா? என்னது அடைச்சுக்கிச்சு."

பம்பைக் கொடுத்தாள். வாங்கியவர் போகவில்லை. இரண்டு குவளை டீ குடித்தார். தம் மருமகனுடைய கஞ்சத்தனத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே எழுந்தார்.

மாலையில் இன்னொரு படகிலிருந்து பல் டாக்டர் வந்தார்.

"கத்தரிக்கோல் கிடைக்குமாம்மா? முடி கண்ணுல விழுது. நானே வெட்டினா காதும் சேர்ந்து வந்துடும்."

அவளே வெட்டிவிட்டாள்.

"எல்லாரையும் வாயைத் திறன்னு சொல்லிச் சொல்லி, உங்களுக்கு மூடவே வரலை டாக்டர். தலை ஆடுது, கொஞ்சம் சும்மா இருங்க."

அடுத்தடுத்த நாள்களில் உப்புக்கு ஒருவர் வந்தார். ஊசிக்கு ஒருவர் வந்தார். கிழிந்த பாயோடு கொண்டை அக்கா மறுபடியும் வந்தார். இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தைத்தார்கள்.

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்றாள் கணவரிடம். "உலகம் சுத்தக் கிளம்பினவங்க, ஊசி எடுத்துட்டு வரமாட்டாங்களா? இப்படியும் இருக்குமா ஜனங்க?"

"ம்," என்றார் அவர். வந்தவர்களைப் பற்றி அவள் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப் போயிற்று.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பம்பு திரும்பி வரவில்லை. கரைக்குப் போகுமுன் அதைக் கேட்டு வாங்கிவிடுவது என்று தானே துடுப்புப் போட்டு மஞ்சள் படகுக்குப் போனாள். அங்கே பல் டாக்டரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்க்கா, இரவல் வாங்கினா திருப்பித் தர்ற பழக்கமே கிடையாதா?"

"தரலாம். பஸ் ஏறப் போறவங்களுக்குப் பம்பு எதுக்கு?"

டாக்டர் இருமினார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பஸ்ஸா? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"சொன்னீங்களே தங்கச்சி. எல்லார்கிட்டயும்."

டாக்டர் சுவரிலிருந்த ரேடியோவைக் காட்டினார்.

"படகுக்குப் படகு பேசறது இதுலதாம்மா. மைக் பொத்தானை அழுத்தினா துறை முழுக்கக் கேட்கும். அன்னைக்கு உங்க மைக் மேல ஏதோ பாரம் விழுந்திருக்கு. சொல்லலாம்னு கூப்பிட்டோம். ஒருத்தர் பொத்தான் அழுந்திக் கிடந்தா மத்தவங்க குரல் அங்கே போகாது. கேட்க மட்டும்தான் முடியும்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"எல்லாமா கேட்டுச்சு? மீன் வரைக்கும்?"

"கல்லு வரைக்கும்," என்றார் கொண்டை அக்கா.

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எங்களுக்கு முகம் காட்டியிருப்பீங்களா? கூப்பிடாம வர எங்களுக்கும் ஒரு காரணம் வேணுமில்ல?"

கொண்டை அக்கா கொடுத்த குவளையை வாங்கி அவள் ஒரு வாய் குடித்தாள். அப்புறம், "டீயில சர்க்கரை போதாது," என்று குவளையை நீட்டினாள்.

பின்னர் உறுதியான செய்திகள் இவை. காலைப் பேருந்து அவளில்லாமல் போயிற்று. கொண்டை அக்காவிடம் ஏற்கெனவே கைப்பம்புகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் அடைப்பு ஏதும் இல்லை. பல் டாக்டர் பல ஆண்டுகளாகத் தம் முடியைத் தாமே வெட்டி வருபவர். காதுகள் இரண்டும் பத்திரமாகவே உள்ளன. மைக்கை அழுத்திக்கொண்டிருந்தது அவளுடைய துணிப்பெட்டிதான். பேச்சு வெளியே போகும்போது ரேடியோவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது அன்று அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. கணவருக்கோ கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து மேலே ஏறிப் போன பிறகுதான், அவர் எழுந்து பெட்டியை நகர்த்தி வைத்தார்.