முன்சக்கரத்தின் பயம்

மழைக்காலம் முழுக்கத் தமயந்தியின் சைக்கிள் பயிற்சிக்காக வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டாண்டில் ஓடியது. பின்சக்கரத்தின் அச்சை ஸ்டாண்டு கவ்விப் பிடித்துக்கொள்ள, அவள் மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் மட்டும் மூச்சிரைக்கச் சுற்றும். முன்சக்கரம் அசையாமல் நின்றபடி, "இன்னும் வேகமா! என்னைப் பாரு, ஒரு தடவையாச்சும் விழுந்திருக்கேனா?" என்று அதட்டும்.

ஒருநாள் தமயந்தி ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, தரையில் ஒரு சட்டத்தில் சுழலும்படி பொருத்தியிருந்த மூன்று பயிற்சி உருளைகளின்மேல் சைக்கிளை நிறுத்தி ஏறி மிதித்தாள். இப்போது பிடிமானம் எதுவும் இல்லை. உருளைகள் உருள, இரண்டு சக்கரங்களும் இருந்த இடத்திலேயே சுற்றின. முன்சக்கரம் இடமும் வலமுமாகத் தள்ளாட, அவள் சைக்கிளோடு தொப்பென்று விழுந்தாள்.

முழங்கையைத் தடவிக்கொண்டே அவள் மறுபடி ஏறினாள்.

"ஸ்டாண்டுக்கே போயிடலாம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு," என்றது முன்சக்கரம்.

"பயமா இருக்கா?" பின்சக்கரம் சந்தோஷமாகக் கேட்டது. "அப்ப இன்னைக்குத்தான் நீயும் ஓடுறே."