உப்பு ஜாடி போட்ட சத்தம்

பாக்கியத்தின் அடுப்படியில் உப்பு ஜாடிக்கு வாய் நீளம். இருக்காதா பின்னே? இருபது வருஷமாக அது இல்லாமல் அங்கே ஒரு குழம்பும் இறங்கியதில்லை.

அன்று பாக்கியம் டிவியைப் பார்த்துப் பார்த்து மீன் குழம்பு வைத்தாள். டிவியம்மா புளி ஊற்றினாள், இவளும் ஊற்றினாள். அங்கே நடுவில் விளம்பரம் வந்தது. திரும்பி வந்த டிவியம்மா உப்புப் போட மறந்து கொத்தமல்லியைத் தூவிவிட்டாள். இவளும் தூவிவிட்டாள்.

ஜாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே கரண்டி, உப்புப் போடலைடி! சொல்லுடி அவகிட்ட!"

"டிவியிலயே போடலைண்ணே. அவங்களுக்குத் தெரியாததா?"

"இவ கண்ண மூடிக்கிட்டு குழம்பு வைப்பாளே! இவளுக்கு என்ன கேடு வந்துச்சு?"

சாப்பாட்டு நேரம். புருஷன் மாசிலாமணி ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தான். இதோ, நம்மைக் கூப்பிடப் போகிறான் என்று ஜாடி நிமிர்ந்தது.

"டிவியில வச்ச குழம்புங்க" என்றாள் பாக்கியம்.

"அதானே பார்த்தேன்!" சுளித்த முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்டார் ஓட்டல் ருசி! இனிமே இப்படியே வை."

ஜாடிக்கு மூச்சே நின்றுவிட்டது. குழம்பு சொட்டச் சொட்டத் திரும்பிய கரண்டியை மறித்தது. "நீயாவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுடி. உள்ளே முங்கி எழுந்தவ நீதானே?"

"டிவியம்மா கண்ணை மூடி ஆஹான்னாங்களேண்ணே" என்றது கரண்டி. "அதுக்கு மேல நான் முங்கிப் பார்த்ததா பெருசு?"