முனியின் உத்தரவு

இரண்டாவது குடம் தண்ணீரையும் கிடாவின் மேல் கவிழ்த்தான்.

கிடா அசையவில்லை.

நனைந்தபடியே வேப்பந்தழையை மென்றது.

புளியமரத்தில் கட்டிப் போட்டிருந்த மச்சான் ரத்தம் துப்பினான். கூடவே ஒரு பல் வந்தது. மற்ற இரண்டும் வரும் வழியில் வண்டியிலேயே விழுந்துவிட்டன. மூன்று வருஷம் தேடி, ஏதோ மலைக்கோயிலில், அன்னதான வரிசையில் தட்டோடு நின்றவனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

அரிவாள் காலையில் தீட்டியது.

அந்த ஊர் வழக்கம் அப்படி. முனியைக் கேட்காமல் யாரும் யாரையும் வெட்டுவதில்லை. கிடாவின் மேல் மூன்று குடம் தண்ணீர். ஈரம் காய்வதற்குள் அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், முனி உத்தரவு கொடுத்துவிட்டார். அரிவாள் யாரைப் பார்த்து இருக்கிறதோ அவரை வெட்டலாம்.

முதலில் ஆள். பிறகு கிடா.

நாற்பது வருஷமாக எந்தக் கிடாவும் உதறியதில்லை. இந்தக் கிடாவே பதினோராவது தடவையாக வருகிறது. வழி அதற்கே தெரியும். கயிறு கூடப் போடுவதில்லை.

முனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கை மேல் கை. கல்மூக்கு பாதி இல்லை. பார்த்தால் பயம் வரட்டுமென்று பூசாரி பெரிய மீசை எழுதியிருந்தார்.

வரவில்லை. மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்தது.

மூன்றாவது குடம்.

கிடா கண்ணை மூடிக்கொண்டது. குளியல் பிடித்துப் போயிருக்க வேண்டும்.

காலிக்குடத்தை மச்சான் தலையில் போட்டு உடைத்தான்.

"எந் தங்கச்சி பாவாயி பச்சப்புள்ளையோட தூங்கிக்கிட்டிருந்தா. இவன் சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போனான். காவி கட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அவ கெணத்துல விழுந்தா. இதுக்கு மேல என்னய்யா வேணும் உங்க முனிக்கு?"

பூசாரி செங்கோடன் ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினார்.

"கோவிச்சுக்காத கண்ணு. போன மாசம் கல்லை அளந்துட்டுப் போன ஆபீசரு சொன்னாரு, இவரு முனியே இல்லியாம். புத்தராம். இவரும் பச்சப்புள்ளையோட பொண்டாட்டி தூங்கையில சொல்லாம கெளம்பி வந்தவருதானாம். அதுக்கப்பறந்தான் ஊர் ஊராப் போயி, ஒரு உசுரையும் நோவடிக்காதீங்கன்னு சொன்னாராம்."

கிடா வேப்பந்தழையை மென்றது.

"அப்ப உங்க முனியும் இவன் கூட்டந்தானா?"

அரிவாளை ஓங்கிக்கொண்டு கல்லைப் பார்த்துத் திரும்பினான்.

கிடா உதறியது.

கொம்பிலிருந்து வால் வரை. தண்ணீர் மூன்று பேர் மேலும் தெறித்தது. பூசாரியின் பொடி நனைந்தது.

முனி உத்தரவு கொடுத்துவிட்டார்.

உத்தரவு வந்த பிறகு வெட்டாமல் திரும்புவது அந்த ஊரில் கிடையாது.

வெட்டினான். பொறி பறந்தது. நாலாவது வெட்டில் உள்ளங்கை கிழிந்தது. ஆறாவதில் அரிவாள் ஒடிந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு வெட்டினான். கல்லில் ரத்தம் வழிந்தது. அவனுடையதுதான்.

ஒன்பதாவது வெட்டுக்குத் தலை கழன்று, மடியிலிருந்த கைகளில் போய் உட்கார்ந்தது.

அளவு சரியாக இருந்தது.

மீசை அழிந்திருந்தது. சிரிப்பு போகவில்லை.

அவன் அங்கேயே சரிந்து உட்கார்ந்தான். வெகுநேரம் மூச்சு வாங்கினான். அடுத்தது கிடா என்பதைப் பூசாரி ஞாபகப்படுத்தவில்லை.

புளியமரம் பேசியது. இத்தனை அடிக்கும் வாய் திறக்காத மச்சான்.

"மாப்ளே... பையனுக்கு என்ன பேரு வச்சீங்க?"

"வைக்கல."

உள்ளங்கையை வேட்டியில் துடைத்தான்.

"ஒன்ன வெட்டிட்டு வந்து வச்சுக்கலாம்னு இருந்தோம். மூணு வருசமா 'ஏய்'னுதான் கூப்புடறது."

எழுந்தான். ஒடிந்த அரிவாளோடு புளியமரத்துக்குப் போனான். கயிறு தடிமனாக இருந்தது. அரிவாளில் கூர்மை என்று ஒன்றும் மிச்சமில்லை.

அறுக்க ஆரம்பித்தான்.

கிடா ஊர்ப்பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தது. நின்றது. திரும்பிப் பார்த்தது.